முதுசொம்மும் கடனும்

சுவீடன் தேசத்தின் நடுப்பகுதியில், டாலார்னா மாகாணத்திலே, சில்யான் ஏரியின் தென்கரையில் லெக்சாண்ட் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஏறத்தாழ 16,000 மக்கள் வாழும் ஓர் உள்ளூராட்சிப் பகுதியின் தலையூர் அது. ஆண்டின் பெரும்பகுதியும் அமைதியுற்றுக் கிடக்கும் அவ்வூரில், ஜூன் மாதக் கடைக்கூற்றில் வரும் நடுக்கோடைத் திருநாளின் முன்மாலையன்று பல்லாயிரவர் திரளுவர். பூவும் தழையும் சூட்டிய நெடுங்கம்பம் ஒன்றை ஊரவர் பலர் ஒருசேர உந்தி நிமிர்த்துவர். பிடில்கள் ஒலிக்கும். பழைய ஊராடை அணிந்த ஆடவரும் பெண்டிரும் கைகோத்து ஆடுவர். நீண்ட மரப்படகுகள் ஏரிநீரைக் கிழித்துக்கொண்டு வந்து கரைசேரும். கம்பம் நேர்நிற்கும் கணத்திலே எழும் ஆரவாரம் அந்நியரையும் பரவசப்படுத்துவது இயல்பே.

அந்த ஆரவாரத்தை ஐயுறுவது நமது நோக்கமன்று. ஆயின் அதன் நடுவே நின்று ஒரு வினாவை எழுப்புதல் தகும். அங்கே கைதட்டப்படுவது எது? இறந்துபோன ஒரு வாழ்க்கையின் அழகா? அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர்களின் உழைப்பா? அன்றி, அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்னும் பெருமிதமா? மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறியாத விடத்து மக்கள் மரபைப் பற்றிய பேச்சு மக்களுக்கே எதிரான பேச்சாக மாறிவிடக் கூடும். இது கற்பனை அச்சமன்று. அந்த நாட்டின் வரலாறே அதற்குச் சான்று.

முதலிலே அழகிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

ஏரியில் வரும் அந்த நெடும்படகுகள் கோயிற்படகுகள் எனப்படும். ஏரிக்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரே கோயில், பாதைகளோ அரிது, ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வது விருப்பத்தின்பாற்பட்டதன்று, கடமை. ஆகவே கிராமத்தார் கூட்டாகப் படகு கட்டினர். கூட்டாகவே துடுப்பும் வலித்தனர். அப்படகிலே இரண்டு உண்மைகள் ஒருங்கே அமைந்துள்ளன. ஒன்று, பொதுவுடைமையான ஒரு கருவியைப் பலர் ஒரே தாளத்தில் இயக்கிய கூட்டுறவு. மற்றையது, திருச்சபையும் அரசும் ஒன்றாயிருந்த காலத்தின் கட்டாயம். இன்று அப்படகுகள் போட்டிக்காக ஓடுகின்றன. தாளம் எஞ்சியிருக்கிறது, கட்டாயம் ஒழிந்துவிட்டது. இது நல்லதே. மரபு மாறும் என்பதற்கும், சில மாற்றங்கள் விடுதலையே என்பதற்கும் இதுவே போதிய எடுத்துக்காட்டு.

அடுத்து ஆடை. லெக்சாண்ட் மக்களின் பழைய உடைவழக்கு ஒரு பஞ்சாங்கத்தையே ஒத்தது. திருச்சபை ஆண்டின் எந்த ஞாயிறன்று எந்த நிற மேலங்கி, எந்தத் திருநாளில் எந்த முன்றானை, தவக்காலத்தில் எது, துக்கத்தில் எது என்று வகுக்கப்பட்டிருந்தது. ஒரு பெண் மணமானவளா, மணமாகாதவளா என்பதை அவளது தலையணியே உரைத்துவிடும். நிறமறிந்து நெய்து, சாயமிட்டு, பூவேலை செய்த அக்கைகளின் திறமையை எவ்வளவு போற்றினும் தகும். எனினும் அதே ஆடை, ஒருவரது நிலையை ஊரின் கண்ணுக்கு ஒவ்வொரு ஞாயிறும் அறிவித்துக்கொண்டிருந்த ஒழுங்காணையும் ஆகும். அழகும் அடக்குமுறையும் ஒரே இழையில் முறுக்கப்பட்டிருந்தன.

மூன்றாவது, காட்டு மேய்ச்சற்குடில்களின் குரல். கிராமத்து நிலம் தீவனத்துக்குப் போதாமையினால், கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் காட்டினூடே தொலைவிலுள்ள குடில்களுக்கு ஓட்டிச் செல்வர். அங்கே தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாற்கட்டியும் ஆக்கியவர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. மரங்களிடையே மறைந்த மாட்டை அழைக்கவும், அடுத்த குடிலுக்குச் செய்தி அனுப்பவும் அவர்கள் உச்சக்குரலில் பாடிய அழைப்புகளை இன்று இசையரங்குகளிலே கேட்கலாம். அக்குடில் வாழ்க்கையின் அறிவும் வழக்கமும் 2024 டிசம்பரில், சுவீடனும் நோர்வேயும் கூட்டாக விண்ணப்பித்ததன் பேரில், யுனெஸ்கோவின் மானிட மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அந்தக் குரல் கலையாகப் பிறந்ததன்று. வேலைக் கருவியாகப் பிறந்தது. ஓநாயும் கரடியும் உலவிய காட்டில், தன்னந்தனியே நின்ற ஒரு பெண்ணின் கருவி. கருவி கலையானது மக்களின் ஆற்றல். கருவியாய் இருந்ததை மறப்பது நமது சோம்பல்.

இனி, விழாமேடையில் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றியும் கூறவேண்டும். அது வறுமை.

மேல்டாலார்னாவிலே பெரும் நிலப்பிரபுக்களின் மாளிகைகள் இருக்கவில்லை. நிலம் குடியானவர் கையிலேயே இருந்தது. ஆணும் பெண்ணும் அடங்கலாகப் பிள்ளைகள் அனைவருக்கும் அது பங்கிடப்பட்டது. கேட்பதற்கு இது சமத்துவம். வாழ்வதற்கோ தலைமுறைதோறும் துண்டுபட்டுச் சுருங்கும் காணி. அதனால் ஆயிரக்கணக்கானோர் பருவந்தோறும் வெளியூர் வேலைக்குப் புறப்பட்டனர். அவ்வேலைக்கு அவர்கள் வழங்கிய பெயரே நம்மைச் சிந்திக்க வைப்பது: ‘எசமானர் வேலை’. டாலார்னாப் பெண்கள் ஸ்ரொக்ஹோம் நகரின் தோட்டங்களில் மண் கொத்தினர். கட்டடங்களுக்குச் சாந்து குழைத்தனர். மதுவடி சாலைகளிலே போத்தல் கழுவினர். கைப்பிடியைச் சுழற்றிச் செலுத்தும் சிறு படகுகளில் நகரமாந்தரை அக்கரை சேர்த்தனர். ஏரிவட்டாரத்தைச் சேர்ந்த வோம்ஹுஸ் என்னும் ஊரின் பெண்கள், மனிதத் தலைமயிரால் சங்கிலியும் காதணியும் பின்னும் நுண்தொழிலைக் கற்று, அதைக் கொண்டு பிழைக்க 19ஆம் நூற்றாண்டிலே செருமனி, ருஷ்யா, இங்கிலாந்து வரை கால்நடையாகவும் கப்பலாகவும் சென்றனர். தலைநகரத் தெருவில் ஊராடையுடன் நின்ற பெண், அந்நகரத்தாருக்கு ஓவியமாகத் தெரிந்தாள். உண்மையிலே அந்த ஆடை, உழைக்கக்கூடிய உடல் ஒன்று கூலிக்கு உண்டு என்பதன் அடையாளமாகவும் இருந்தது.

இந்நிலையிலேதான் பேணுவோர் வந்தனர். ஆர்தர் ஹசேலியுஸ் 1872இல் டாலார்னாவிற் பயணஞ் செய்தபோது பழைய ஆடைகளும் பொருள்களும் மறைந்துவருவதைக் கண்டார். மறு ஆண்டிலே ஸ்ரொக்ஹோமில் தமது சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். 1885இல் மூரா ஊரிலிருந்து ஒரு வீட்டையே விலைக்கு வாங்கினார். 1891இல் திறக்கப்பட்ட ஸ்கான்சென் வெளியரங்கக் காட்சியகத்தில் அது நிலைபெற்றது. ஓவியர் அண்டர்ஸ் சோர்ன் 1906இல் ஏரிக்கரையிலுள்ள யெசுண்டாவிலே நாட்டாரிசைக் கலைஞரின் போட்டி ஒன்றை நடாத்தினார். பிரபு குலத்தவரான ஓவியர் குஸ்தாவ் அங்கார்குறூனா 1904இல் லெக்சாண்டில் கைத்தொழில் நிலையத்தை நிறுவி, வீட்டு நெசவுக்குச் சந்தை தேடிக்கொடுத்தார்.

இவர்களைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. இவர்கள் இல்லாதிருப்பின் பல பொருள்கள் விறகாகவும் கந்தலாகவும் மறைந்திருக்கும். சோர்ன் தாமே மூராவில் ஒரு மதுவடி சாலைப் பெண்தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் வரலாற்றின் முரண்பாட்டை மறைத்தலும் கூடாது. எந்தப் புகையிரதமும் தொழிற்சாலையும் பழைய கிராமத்தைக் கரைத்தனவோ, அவற்றின் பயனைத் துய்த்த வர்க்கமே பழைய கிராமத்திற்காக ஏங்கிற்று. ஏங்கியவன் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது, திங்கட்கிழமை தெரியவில்லை. எனவே திருநாளாடை பெட்டியில் வைத்துப் பேணப்பட்டது. சாந்து படிந்த வேலையாடை எறியப்பட்டது. தெரிவு செய்பவன் கையிலே மரபு இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இதற்கு மிகக் கூர்மையான சான்று ஒரு சொல்லிலே உள்ளது. 1743இல், ருஷ்யாவுடன் நடந்த தோல்விப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தும், பஞ்சத்தால் வாடியும் நொந்த டாலார்னாக் குடியானவர் பல்லாயிரவர் ஆயுதந்தாங்கித் தலைநகருக்கு நடந்தனர். ஜூன் 22ஆம் நாள், நடுக்கோடைத் திருநாளுக்கு இரண்டே நாள் முன்னதாக, ஸ்ரொக்ஹோம் சதுக்கமொன்றில் அரச படை அவர்களைச் சுட்டுச் சிதறடித்தது. தலைவர்கள் பின்னர் கொலைத்தண்டனை பெற்றனர். அக்கிளர்ச்சிக்கு வரலாற்றில் நிலைத்த பெயர் என்ன? ‘பெரும் டாலார்னா நடனம்’! கம்பத்தைச் சுற்றி ஆடும் நடனத்தைக் காண உலகத்தார் வருகின்றனர். அந்த இன்னொரு நடனத்தை அறிந்து திரும்புவோர் எத்தனை பேர்?

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது நமக்கே உரியது. முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் சிலர், ‘நாட்டார் மரபு என்பது பழைய சமுதாயத்தின் எச்சம்; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிடுவர். முன்னைய தவறு மக்களின் துன்பத்தை மறைக்கிறது. இந்தத் தவறு மக்களின் அறிவை மறுக்கிறது. மக்களைச் சுரண்டப்பட்டவராக மட்டும் காண்பவன், அவர்களைப் படைப்பாளிகளாகக் காண மறுக்கிறான். அதுவும் ஒருவகை எசமானப் பார்வையே.

டாலார்னாவின் சுவரோவியங்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், லெக்சாண்ட், ரெத்விக் ஊர்களின் ஓவியர்கள் ஊர் ஊராக நடந்து குடியானவர் வீடுகளை வண்ணப்படங்களால் அணிசெய்தனர். கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஓவியப் பள்ளியில்லை. விவிலியப் படங்களும் மலிவான அச்சுத்தாள்களுமே முன்மாதிரி. ஆனால் அவர்கள் நகலெடுப்போராய் நின்றுவிடவில்லை. விவிலிய மாந்தர்க்குத் தம் காலத்துச் சுவீடிய உடையை அணிவித்தனர். எருசலேமைத் தம்மூர்ப் பக்கத்துக் கோயில் நகர்போல் ஆக்கினர். வெற்றிடம் எங்கும் ஆளுயரத்தை விஞ்சிய விந்தைப் பூக்களைப் பூக்கவிட்டனர். அப்பூவணிக்குக் ‘கூர்பித்ஸ்’ என்று பெயர். சுரைக்கொடி என்பது பொருள். தீர்க்கதரிசி யோனாவுக்கு நிழல்தர ஒரே இரவில் முளைத்தெழுந்த செடியை நமது தமிழ் விவிலியம் ஆமணக்கு என்கிறது. லூத்தரின் செருமன் மொழிபெயர்ப்பும், அதன் வழிவந்த பழைய சுவீடிய விவிலியமும் சுரை என்றன. குளிர்நாட்டுக் குடியானவனுக்குப் பழக்கமற்ற அந்தக் கொடியை அவன் தன் கற்பனையினால் வளர்த்தான். இல்லாத நிழலைச் சுவரிலே படைத்துக்கொண்ட அந்த மனத்தை ‘எச்சம்’ என்று ஒதுக்குவது அறிவாகுமா? நோபல் பரிசு பெற்ற கவிஞர் எரிக் ஆக்சல் கார்ல்பெல்ட் அவ்வோவியங்களைப் பாட்டாக்கியதும், பிற்காலத்தில் லெக்சாண்ட் பகுதியிலேயே ஒரு வீடு கொண்டு வாழ்ந்ததும் தற்செயலல்ல.

அவ்வோவியர்கள் விரும்பி எழுதிய காட்சிகளில் ஒன்று, திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை. விடியலில் வந்தவனுக்கும் பொழுதுசாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எசமானின் கதை. ‘எசமானர் வேலை’க்குப் போய்வந்த மக்கள் தம் சுவரிலே அக்கதையைத் தீட்டிவைக்க விரும்பியது ஏன் என்பதை விளக்கவேண்டியதில்லை. இக்கதைக்கு நாம் மீண்டும் வருவோம்.

இப்போது மரபைப் பற்றிய பேச்சு மக்களுக்கு எதிராகத் திரும்பிய வரலாற்றைக் கூறவேண்டும். ‘மக்கள்’ என்பதைக் குறிக்கும் சுவீடியச் சொல் ‘பொல்க்’. நாட்டாரிசை, நாட்டாராடை, நாட்டார் பள்ளி எல்லாவற்றிலும் அச்சொல் வரும். பேர் அல்பின் ஹான்சன் 1928இல் சமூக ஜனநாயகத்தின் இலட்சியமாக முன்வைத்த ‘மக்கள் இல்லம்’ என்பதிலும் அதுவே. உழைப்பவர் என்பது அச்சொல்லின் ஒரு பொருள். ஆனால் அதே காலத்தில் வேறொரு பொருளும் அதற்குள் புகுந்தது: ஒரே இரத்தத்திற் பிறந்தவர். 1919இல் ஹெர்மன் லுன்ட்பொர்ய் என்பவர் ‘சுவீடிய மக்கள் வகைகள்’ பற்றிய கண்காட்சியை நகரம் நகரமாகக் கொண்டுசென்றார். 1922இல் உப்சாலாவில் இனவுயிரியலுக்கென ஓர் அரச நிறுவனம் திறக்கப்பட்டு அவர் தலைமையில் இயங்கிற்று. தலையோடுகள் அளக்கப்பட்டன, முகங்கள் படம்பிடிக்கப்பட்டன, சாமி மக்கள் ஆடை களையப்பட்டுக் கருவிகளின் முன் நிறுத்தப்பட்டனர். பின்னர் 1934இல் கருவள நீக்கச் சட்டம் வந்தது. 1935 முதல் 1975 வரை ஏறத்தாழ 63,000 பேர் அத்தகைய சட்டங்களின் கீழ்ச் சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பலரது சம்மதம் வற்புறுத்திப் பெறப்பட்ட சம்மதம். ‘மக்கள் இல்லத்தில்’ இடம்பெறத் தகாதவர் என்று கருதப்பட்ட ஏழைகளும் ஊனமுற்றோரும் அவர்களுள் இருந்தனர்.

இதைப் பிற்போக்காளரின் குற்றம் என்று கூறி நாம் கைகழுவ இயலாது. இனவுயிரியல் நிறுவனம் வேண்டுமென்று பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட பிரேரணையில் வலதுசாரித் தலைவரோடு, தொழிலாளர் கட்சியின் பெருந்தலைவர் யால்மார் பிராந்திங்கும் கையொப்பமிட்டிருந்தார். ‘மக்கள்’ என்ற சொல்லின் பொருள் உழைப்பிலிருந்து இரத்தத்துக்கு நழுவியபோது இடதுசாரியின் கையும் நடுங்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் காவலாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அந்த நழுவல் முடிந்த கதையுமன்று. 2010இல் குடிவரவை எதிர்க்கும் ஒரு கட்சி முதன்முறையாகச் சுவீடியப் பாராளுமன்றத்தில் நுழைந்தது. நாட்டார் மரபைத் தனது கொடியாக உயர்த்திற்று. அப்போது எதிர்த்தெழுந்தவர் யாவர் என்பது கவனிக்கத்தக்கது. நாட்டாரிசைக் கலைஞர்களே அந்நியர் வெறுப்புக்கு எதிராக ஒன்றுதிரண்டனர். பிடிலைக் கையில் ஏந்தியவருக்கு, அந்தப் பிடிலும் அதன் மெட்டுகளும் எத்தனை எல்லைகளைக் கடந்து வந்தவை என்பது தெரியும். பொலஸ்கா என்னும் அவர்களது ஆடலிசையின் பெயரே போலந்து தேசத்தைக் குறிப்பது.

எனவே நமது வினா தெளிவடைகிறது: மரபின் உண்மையான உரித்தாளர் யார்?

நம்மூரிலே முதுசொம் என்றொரு சொல் உண்டு. பெற்றோர் வழிவரும் ஆதனத்தை அது குறிக்கும். ஆனால் முதுசொம் கொள்பவன் முந்தையோரின் கடனையும் கொள்ளவேண்டும் என்பது பழைய நியாயம். காணியை ஏற்றுக் கடனை மறுப்பவனை ஊர் மதிப்பதில்லை. பண்பாட்டு முதுசொம்முக்கும் இந்த நியாயமே பொருந்தும். நெய்தவளின் பூவேலையைத் தன் பெருமை என்று சொல்பவன், அவள் பட்ட ‘எசமானர் வேலை’யையும் தன் பொறுப்பு என்று சொல்லவேண்டும். மூதாதையரின் பாட்டை ஏற்பவன் அவர்களது குற்றத்தையும் ஏற்கவேண்டும். இது முதலாவது.

இரண்டாவது, மரபு உழைப்பினால் ஆனதாயின் உழைப்பினாலன்றி அதற்கு உரித்துப் பெற வழியில்லை. பிறப்பு ஒருவனை மரபின் அருகில் நிறுத்தலாம், கைகளில் வைக்காது. லெக்சாண்டிற் பத்துத் தலைமுறையாக வாழும் குடும்பத்தில் தோன்றிய ஒருவன் துடுப்பைத் தொட்டதேயில்லை என்க. போரிலிருந்து தப்பி நேற்றுக் குடிவந்த ஒருவரின் மகள் அப்படகிலே அமர்ந்து மற்றவர்களோடு தாளந்தவறாமல் வலிக்கக் கற்றாள் என்க. படகு யாருடையது? திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சுவரில் எழுதிய அந்த ஓவியர்கள் இதற்கு எப்போதோ விடை கூறிவிட்டனர். பிந்தி வந்தவருக்கும் அதே கூலி.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘திருநாள் திருநாளாக இருக்கட்டும், ஆடுகின்றவனிடம் போய்க் கடன்சீட்டை நீட்டுவது கொடுமையல்லவா?’ இம்மறுப்பில் நியாயம் உண்டு. உழைக்கும் மக்களின் மகிழ்ச்சி பறித்தெடுத்த மகிழ்ச்சி. அதைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கடனை நினைப்பது மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்பது உண்மைதானா? லெக்சாண்ட் மக்களின் நடைமுறையே அதற்கு மாறாக உள்ளது.

ரூனே லின்ட்ஸ்ட்ரொம் எழுதிய ‘விண்ணக நாடகம்’ 1941 முதல் அவ்வூரின் கோடைகால வெளியரங்கிலே, ஊரவரும் பங்குகொள்ள, நடிக்கப்பட்டு வந்துள்ளது. பழைய சுவரோவியங்களின் உலகத்தையே அது மேடைக்குக் கொணர்கிறது. ஆனால் அதன் கதை பூக்களின் கதையன்று. மாட்ஸ் என்னும் இளங்குடியானவனின் காதலி சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு எரிக்கப்படுகிறாள். அவன் நியாயங் கேட்கக் கடவுளைத் தேடி விண்ணகப் பாதையில் நடக்கிறான். நடுவழியிலே செல்வம் வந்து சேர, தான் கேட்கப் புறப்பட்ட நியாயத்தையே மறந்துவிடுகிறான். இக்கதையின் நெருப்பு கற்பனை நெருப்பன்று. 1668இல் இதே மாகாணத்தின் எல்வ்டாலனில் தொடங்கி, மறு ஆண்டு மூராவுக்குப் பரவி, 1676 வரை நாட்டை உலுக்கிய சூனிய விசாரணைகளில், சிறுவர்களின் வாய்மொழியை நம்பி எத்தனையோ பெண்களை அயலவரே கொலைக்களத்துக்கு அனுப்பினர். எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் ஒரே ஊராடையை அணிந்திருந்தவர்களே.

கம்பம் நிமிரும் அதே கோடையில், அதே ஊராடை உலகை மேடையேற்றி, தம் முன்னோர் இழைத்த கொடுமையையும் அவ்வூரவர் தம் கண்முன் நிறுத்திக்கொள்கின்றனர். இதனால் நடனம் நின்றுபோகவில்லை. பிடிலின் சுருதி குறையவுமில்லை. கடனை ஒப்புக்கொண்டவனே முதுசொம்மை அச்சமின்றி அனுபவிக்கிறான்.

ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நம்மவர்க்கு இதிலே ஒரு வேலை உண்டு. மரபைப் போற்றுவோர் கூட்டத்தில் திங்கட்கிழமையை நினைவூட்டுவதும், மரபை எள்ளுவோர் கூட்டத்திலே சுரைக்கொடியைச் சுட்டிக்காட்டுவதும் அந்த வேலை. இரண்டு கூட்டத்திலும் நமக்கு நல்ல பெயர் கிடையாது. மாட்ஸ் நடுவழியில் மறந்துபோன கேள்வியை யாரோ ஒருவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.